அம்மா சொல்ல, அண்ணன் எழுதியது

ஒளி துணை

காஞ்சிபுரம்
14-7-1997

துளசிக்கு,

உன் அண்ணன் ராஜகோபால் எழுதிக்கொள்வது. ஒன்றரை வருஷம் கழித்து எழுதுகிறேன். நலமா என்று கேட்பது சம்பிரதாயம். கேட்டதாக வைத்துக்கொள்.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. வைகாசி கருட சேவைக்கு விடியற்காலையிலேயே போய் நின்றுவிட்டு வந்தவள், அன்றைக்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தாள். சூடு என்று நினைத்து மோர் கொடுத்துக்கொண்டிருந்தோம். போன வாரம் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். கல்லீரலில் கட்டி. அறுக்கிற நிலையைத் தாண்டிவிட்டதாம். வீட்டில் வைத்துக்கொண்டு கேட்டதைக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு மாதம், மிஞ்சினால் மூன்று. அம்மாவிடம் மஞ்சள் காமாலை என்று சொல்லி வைத்திருக்கிறேன். உன் அண்ணி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் பெண்பிள்ளை கிடையாது என்பது உனக்குத் தெரியும். நான் பிரஸ்ஸுக்குப் போகிற நேரத்தில் எதிர்வீட்டு சம்பூர்ணம்தான் வந்து பார்த்துக்கொள்கிறாள்.

உன்னைக் கூப்பிடத்தான் எழுதுகிறேன். ஆனால் முதலில் சில விஷயத்தைப் பேசிவிட வேண்டும்.

பன்னிரண்டு வருஷமாகக் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறேன். நாமம் கேட்கிறவனுக்கு நாமம், சிலுவை கேட்கிறவனுக்குச் சிலுவை, பிறை கேட்கிறவனுக்குப் பிறை. மேலே இருக்கிற பிளாக்கைத்தான் மாற்றுகிறேன். மெஷின் ஒன்று, மை ஒன்று, நடக்கிற கல்யாணமும் ஒன்று. இந்த ஞானத்தில்தான் பிரஸ்ஸுக்குப் பின்னால் ஒருமை மன்றம் கட்டினேன். எல்லாரும் வந்து உட்கார ஒரு கூடம், நடுவில் ஒரு விளக்கு. சுவரில் ஒவ்வொரு மதத்திலிருந்தும் ஒரு வாசகம். உங்கள் வேதத்திலிருந்தும் 'நானே வழி' என்று ஒன்று. திறப்பு விழாவில் நூறு பேருக்கு முன்னால் நீ எழுந்து, "அண்ணா, பாதிதான் எழுதியிருக்கீங்க, மீதியை நான் சொல்றேன்" என்றாய். சொல்லியும் முடித்தாய். அவர் மூலமாக இல்லாமல் ஒருத்தரும் கடவுளிடம் போய்ச் சேர முடியாது என்று. பேச வந்த பெரியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆட்டோக்காரன்கூட மறுநாள் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

அதை மன்னித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான், இன்னும் மன்னிக்கவில்லை. ஆனாலும் வா. ஜெபம் கூடாது. பாஸ்டர் யாரும் கூட வரக்கூடாது. சாகப்போகிறவளிடம் பரலோகம், நரகம் என்று பேசிப் பயமுறுத்தக் கூடாது. மகளாக வந்து, மகளாக உட்கார்ந்துவிட்டுப் போ. சம்மதம் என்றால் எழுது.

இப்படிக்கு,
ராஜகோபால்


கர்த்தருக்கு ஸ்தோத்திரம்

ஹூப்ளி
22-7-1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

துளசி எழுதுவது. நலமா என்று கேட்டதாக வைத்துக்கொள் என்றீர்கள். நலம் என்று சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சோறு அடிப்பிடித்து, வாடை வந்து, பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். அம்மாவுக்கு வந்த வியாதியை எனக்குச் சொல்லும்போதும் ஒரு பக்கம் முழுக்க உங்கள் மன்றம்தானா அண்ணா?

சரி, மன்றத்தைப் பற்றியே பேசுவோம். மேலே எந்த பிளாக் போட்டாலும் உள்ளே மாப்பிள்ளை பெயர் ஒன்று இருக்க வேண்டுமே. எல்லார் பெயரையும் மரியாதைக்குப் போட்டு வைத்தால் கல்யாணம் எப்படி நடக்கும்? நான் ஒருத்தருக்குக் கழுத்தை நீட்டிவிட்டேன். அவரும் நல்லவர், இவரும் நல்லவர் என்று என்னால் தினம் ஒரு வீட்டில் விளக்கேற்ற முடியாது. இதைச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வருகிறது. நீங்கள் எல்லா மதத்தையும் ஒப்புக்கொள்வீர்கள், ஆனால் ஒருத்தி நிஜமாகவே ஒன்றை நம்பிவிட்டால் மட்டும் ஆகாது.

கடவுள் ஒருத்தர்தான், ஆளுக்கொரு பெயரில் கூப்பிடுகிறோம் என்று மேடையில் பேசுகிறீர்கள். உங்கள் தங்கையும் ஒருத்திதான். எட்டு வருஷமாக இங்கே எல்லாரும் என்னை லீதியாள் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒரு உறையிலாவது அந்தப் பெயரை எழுதியிருக்கிறீர்களா? மாப்பிள்ளை பெயரையாவது? கடவுளுக்கு ஆயிரம் பெயர் இருக்கலாம், எனக்கு இரண்டு இருக்கக் கூடாதா?

உங்களை நோகடிக்க எழுதவில்லை. வாய் இப்படித்தான், அம்மா கொடுத்தது. ஆனால் வாயைக் கட்டிக்கொண்டு என்னால் வர முடியாது. இவர் ரயிலில் கார்டு வேலை பார்க்கிறார். தண்டவாளத்தில் ஒருத்தர் நிற்கிறார், எதிரே வண்டி வருகிறது, இவர் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "எல்லாம் ஒண்ணுதாம்பா" என்று நிற்பாரா? நான் நம்புவது பொய்யாக இருந்தால் நீங்கள் சிரித்துவிட்டுப் போகலாம். நிஜமாக இருந்தால் அம்மாவை நினைத்து நான் எப்படித் தூங்குவேன்? அம்மாவை ஜெயித்து யாரிடம் காட்டப்போகிறேன்? எனக்கு அம்மா இங்கேயும் வேண்டும், அங்கேயும் வேண்டும். அவ்வளவுதான்.

ஒன்று செய்யுங்கள். அம்மாவையே கேளுங்கள். துளசி வந்தால் அவள் சாமியைப் பற்றிப் பேசுவாள், பரவாயில்லையா என்று கேளுங்கள். அம்மா வேண்டாம் என்றால் நான் வாயைத் திறக்க மாட்டேன். அம்மா என்ன சொன்னாலும் சொன்னது சொன்னபடியே எழுதுங்கள். அவளுக்கு எழுதத் தெரியாது, உங்களைத்தான் நம்பியிருக்கிறேன்.

இவர் ரயில்வேயில் பாஸ் எழுதி வாங்கி வைத்துவிட்டார். உங்கள் பதில் வந்த அன்றே ரயில் ஏறுவேன்.

அன்புத் தங்கை,
துளசி


ஒளி துணை

காஞ்சிபுரம்
5-8-1997

துளசிக்கு,

நீ கேட்டபடி அம்மாவிடம் கேட்டேன். அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

"நான் நல்லாத்தான் இருக்குறேன்மா. மஞ்சக்காமாலதான், கீழாநெல்லி அரைச்சுக் குடுக்கறாங்க. நீ புள்ளைய உட்டுட்டு ஓடியார வேணாம். தீபாவளி கழிச்சுப் பாத்துக்கலாம். உன் சாமி உனக்கு, என் சாமி எனக்கு. இந்த வயசுல எனக்கு வேற ஒண்ணும் வேணாம். நீ நல்லா இரு."

அம்மா சொன்னது இவ்வளவுதான். இதற்கு மேல் நான் ஒன்றும் சேர்க்கவில்லை. ஆவணி முகூர்த்தம் நெருங்குவதால் பிரஸ்ஸில் வேலை அதிகம்.

ராஜகோபால்


கர்த்தருக்கு ஸ்தோத்திரம்

ஹூப்ளி
16-8-1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நாலு தடவை படித்தேன். அம்மா பேசுவது போலவே இருந்தது. கீழாநெல்லி என்று படித்ததும் அழுகையே வந்துவிட்டது.

உன் சாமி உனக்கு, என் சாமி எனக்கு என்பது மட்டும் உங்கள் மேடைப் பேச்சு மாதிரி பட்டது. இவரிடம் சொன்னேன். "இத்தனை வருஷம் ஒரே வீட்ல இருக்காங்க, கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கும்" என்றார். அப்படித்தான் இருக்கும். அம்மாவே வேண்டாம் என்று சொல்லிவிட்ட பிறகு நான் வந்து என்ன செய்வது? வந்தால் பேசுவேன். அம்மா முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க என்னால் ஆகாது, எனக்கு என்னைத் தெரியும். பாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

தீபாவளி வரை தாங்குமா அண்ணா? டாக்டரை இன்னொரு முறை கேட்டு எழுதுங்கள். மோசமாக இருந்தால் உடனே தந்தி கொடுங்கள். சண்டையை எல்லாம் அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

அம்மாவுக்கு வயிற்றில் ஈரத்துணி போட்டால் எரிச்சல் அடங்கும். சம்பூர்ணம் அக்காவிடம் சொல்லுங்கள்.

துளசி


ஹூப்ளி
27-9-1997

அண்ணா,

ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். அங்கே இருந்த ஐந்து நாளும் உங்களிடம் ஒன்றும் பேசவில்லை. பேசினால் துக்க வீட்டில் பெரிய ரகளை ஆகியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் தந்தி. துளசி என்று மட்டும் போட்டு வீட்டு எண்ணை எழுதியிருந்தீர்கள். தபால்காரருக்கு என் இரண்டு பெயரும் பழக்கம். தந்தி கொண்டுவந்தவன் புது ஆள். நான் ரேஷன் கடைக்குப் போயிருந்தேன். வாசல் பலகையில் ஆசீர்வாதம், லீதியாள் என்று எங்கள் பெயர் இருப்பதைப் பார்த்துவிட்டு, துளசி யார் என்று பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறான். அப்படி யாரும் இங்கே இல்லை என்று அவள் சொல்லி அனுப்பிவிட்டாள். மறுநாள் நம் தபால்காரர் ஆபீஸில் அதைப் பார்த்து ஓடிவந்தார். ஒரு பகல் ஒரு ராத்திரி போய்விட்டது. நான் வந்து இறங்கும்போது பாலாற்று மணலில் குழி தோண்டி, ஊறின தண்ணீரில் சாம்பலைக் கரைத்துவிட்டு நீங்கள் ஈரத்துணியோடு வந்துகொண்டிருந்தீர்கள். அம்மா முகத்தை நான் பார்க்கவில்லை. லீதியாள் என்கிற என் பெயரை எழுத உங்கள் கை கூசியது, அதனால் பார்க்கவில்லை.

இதையும்கூட விழுங்கியிருப்பேன். கிளம்பின அன்று சம்பூர்ணம் அக்கா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தாள். பஸ் எடுக்கப்போகும்போது கேட்டாள்: "ஏன்மா, உங்கம்மா அவ்ளோ சொல்லிக் கடுதாசி போட்டும் நீ வரலியே. வாசலையே பாத்துக்கினு கெடந்துச்சு. பெத்தவ மேல அப்படி என்னாமா கோவம் உனக்கு?"

நான் என்ன கடிதம் என்று கேட்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. அரக்கோணம் வரைக்கும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. குண்டக்கல் தாண்டித்தான் விளங்கியது.

அம்மா உன்னிடம் என்ன எழுதச் சொன்னாள்? நீ என்ன எழுதினாய்? நீ என்று எழுதிவிட்டேன், அடித்துத் திருத்த மாட்டேன். எனக்குப் பதில் வேண்டும். உன் கொள்கை ஒன்றும் வேண்டாம். அம்மா வாயில் வந்தது மட்டும் வேண்டும்.

துளசி


காஞ்சிபுரம்
6-10-1997

துளசி,

சம்பூர்ணம் சொன்னது நிஜம். உறையில் மாப்பிள்ளை பெயரும் உன் பெயரும் சரியாக எழுதியிருக்கிறேன். இப்போது எழுதி என்ன.

உன் கடிதம் வந்து ஒரு வாரம் சட்டைப் பையிலேயே வைத்திருந்துவிட்டு, ஒரு நாள் சாயங்காலம் அம்மாவிடம் கேட்டேன். நீ கேட்கச் சொன்னபடிதான் கேட்டேன். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள். இந்த முறை ஒரு எழுத்து மாற்றவில்லை.

"பேசட்டும்பா. அவங்க பாதிரியாரையும் கூட்டிக்கினு வரச் சொல்லு. அவளுக்கு ஊத்துன அந்தத் தண்ணிய எனக்கும் ஊத்தச் சொல்லு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏம்மா, பெருமாள உட்டுடுவியா?" என்று கேட்டேன்.

"பெருமாளு கிட்ட நம்ம ஆளுங்க அல்லாரும் இருக்குறாங்க. உங்கப்பா இருக்குறாரு, எங்க அக்கா இருக்குது, உன் பொண்டாட்டி இருக்குறா. நாளைக்கு நீயும் அங்கதான் வருவ. அந்தப் பொண்ணு மட்டும் தனியா வேற எடத்துக்குப் போறேன்றா. அங்க அவளுக்கு நம்ம ஆளு யாருப்பா இருக்குறாங்க? புது எடத்துல நின்னுக்கினு முழிப்பா. நான் மொதல்ல போய் இருக்குறேன்."

மஞ்சள் காமாலை என்று சொன்னதை அவள் ஒரு நாளும் நம்பவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஊருக்கெல்லாம் சொன்னதை அவளிடமும் சொன்னேன். எல்லாம் ஒரே இடம்தான்மா, எந்த வழியில் போனாலும் துளசியும் நீயும் ஒரே இடத்தில்தான் இருப்பீர்கள் என்றேன். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அது நீ சொல்ற. அவ அப்படிச் சொல்லலியே. போறவ அவதானேப்பா, அவளுக்குத் தெரியாதா?" என்றாள்.

எழுத உட்கார்ந்தேன். மன்றம் கட்டினவனின் அம்மாவே கடைசிக் காலத்தில் மதம் மாறிவிட்டாள் என்று ஊர் சிரிக்கும் என்று தோன்றியது. அதைவிட நல்ல காரணம் ஏதாவது இருக்கிறதா என்று இத்தனை நாளும் தேடிப் பார்த்துவிட்டேன். வலியில் பேசுகிறாள், பயத்தில் பேசுகிறாள், பெண் மேல் இருக்கிற பாசத்தில் பேசுகிறாள் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்றும் நிற்கவில்லை. ஊர் சிரிக்கும் என்பதுதான் காரணம்.

எழுதி முடித்ததும், "படிச்சுக் காட்டு" என்றாள். காகிதத்தைப் பார்த்துக்கொண்டே அதில் இல்லாததைப் படித்தேன் துளசி. அவள் சொன்னதையெல்லாம், பாதிரியார், தண்ணீர், நம்ம ஆள், ஒன்று விடாமல் படித்தேன். "செரியா இருக்குதுப்பா" என்றாள். கடிதத்தை வாங்கி ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். நானே கொண்டுபோய்த் தபாலில் போட்டேன்.

அதற்குப் பிறகு நாற்பத்து மூன்று நாள் உயிரோடு இருந்தாள். வந்துட்டாளா, வந்துட்டாளா என்று தினமும் கேட்டாள். டிக்கெட் கிடைக்கவில்லையாம், பையனுக்குப் பரீட்சையாம் என்று நாளுக்கொன்று சொன்னேன். கடைசி வாரம் கேட்பதை நிறுத்திவிட்டாள். "அவ வர மாட்டாப்பா. அவ கண்ணாலத்துக்கு நான் போவாம இருந்தேன் இல்ல, அந்தக் கோவம்" என்றாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். தந்தி கொடுத்திருந்தால்கூட நீ இரண்டு நாளில் வந்திருப்பாய். சொல்லவில்லை.

என் கொள்கைப்படி பார்த்தால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. தண்ணீர் ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும் அம்மா போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டாள். அப்படியென்றால் எனக்கு ஏன் சோறு இறங்கவில்லை? போன ஞாயிற்றுக்கிழமை மன்றத்துக்கு ஏழு பேர் வந்தார்கள். எழுந்து நின்று எல்லா வழியும் என்று ஆரம்பித்தேன். மேலே வாய் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டினேன். ஒருவேளை நீ சொல்வதுதான் நிஜம் என்றால், நான் அம்மாவை என்ன செய்திருக்கிறேன்? நீ சொன்னபோதெல்லாம் சிரித்தேன். இப்போது பயமாக இருக்கிறது.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டு நீ கொடுத்துவிட்டால் அது இன்னும் கஷ்டம்.

ராஜகோபால்


ஹூப்ளி
15-10-1997

அண்ணா,

கடிதம் வந்தது. இவரிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டார்.

மன்னிப்பைப் பற்றி நானும் எழுதவில்லை. எங்கள் சாமி ஏழெழுபது தடவை என்று கணக்கில்லாமல் மன்னிக்கச் சொல்கிறவர். எனக்கு முதல் தடவையே வரவில்லை. வருஷம் எத்தனை ஆனாலும் வருமா என்று தெரியவில்லை.

பாஸ்டர் ஐயாவிடம் போய்க் கேட்டேன். யாருக்கு நடந்தது என்று சொல்லவில்லை, தெரிந்தவர்கள் என்றேன். ஞானஸ்நானத்துக்கு ஆசைப்பட்டு, கிடைக்காமல் போனவர்களுக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். அது கர்த்தருடைய இரக்கம், நாம் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்றார். பிறகு அவராகவே ஒன்று சொன்னார். சாகக் கிடக்கிறவர் கேட்டால் பாதிரியார் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லையாம். பக்கத்தில் இருக்கிறவர் யாரானாலும் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து, மூன்று பெயரைச் சொல்லித் தலையில் ஊற்றினால் போதுமாம். அம்மா தலைமாட்டில் செம்பு எப்போதும் இருக்குமே அண்ணா. சம்பூர்ணம் அக்கா ஊற்றியிருக்கலாம். எல்லாச் சாமியும் ஒன்றுதான் என்கிற நீங்கள் ஊற்றியிருக்கலாம். உங்களுக்கு அதில் என்ன குறைந்துபோயிருக்கும்?

என் பங்கும் இருக்கிறது. நான் போகிற இடத்துக்கு அம்மா வர முடியாது என்று நான்தானே சொன்னேன்? நல்லது என்று நினைத்துத்தான் சொன்னேன். அவள் தனக்காகப் பயப்படவே இல்லை. எனக்காகப் பயந்து செத்தாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவரிடம்கூடச் சொல்லவில்லை. இப்போதெல்லாம் முழங்கால் போட்டால் எனக்கு ஒரே ஜெபம்தான் வருகிறது. என் அண்ணன் சொன்னது நிஜமாக இருக்கட்டும், எல்லா வழியும் உம்மிடத்தில் வரட்டும் ஆண்டவரே என்று கேட்கிறேன். சபையில் யாருக்காவது தெரிந்தால் என்னைப் பின்வாங்கிப் போனவள் என்பார்கள். நூறு பேருக்கு முன்னால் எழுந்து உங்கள் மானத்தை வாங்கினவள், இப்போது உங்கள் பேச்சைத்தான் கெஞ்சிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்கள் போய் இந்த நேரத்தில் பயமாக இருக்கிறது என்று எழுதுகிறீர்கள். நீங்களும் நம்பாவிட்டால் எனக்கு யார் அண்ணா இருக்கிறார்கள்?

அம்மா சொன்னதாக ஒரு கடிதம் எழுதினீர்களே, இன்னும் ஒன்று எழுதுங்கள். நான் வந்து சேர்ந்துட்டேன்மா, இங்க எல்லாரும் ஒண்ணாத்தான் இருக்குறோம், நீ பயந்துக்காத என்று அம்மா சொன்னதாக எழுதுங்கள். அம்மா பேசுகிற மாதிரியே எழுதுங்கள், உங்களுக்கு அது நன்றாக வரும். போன தடவை நம்பினேன் இல்லையா, இந்தத் தடவையும் நம்பிப் பார்க்கிறேன்.

துளசி